இன்டர், பி.யூ.சி., பிளஸ் டூ: நடுவில் ஒரு பாலம்

பிளஸ் டூ என்பது ராஜராஜ சோழன் காலத்திலிருந்தே இருந்து வருவதாகத்தான் என் பேரப்பிள்ளைகளின் தலைமுறை நினைக்கிறது. அதற்கு முன் பி.யூ.சி. என்று ஒன்று இருந்தது, அதற்கு முன் இன்டர்மீடியட், அதற்கும் முன் எஃப்.ஏ. என்று சொன்னால், "தாத்தா, எல்லாம் ஒண்ணுதானே?" என்கிறார்கள். ஒன்றில்லை. பள்ளிக்கூடம் முடிந்து பட்டப்படிப்பு தொடங்குவதற்கு நடுவே இருக்கும் அந்த ஓரிரு வருஷத்தைப் பள்ளியில் வைப்பதா, கல்லூரியில் வைப்பதா என்று நூறு வருஷத்துக்கு மேல் பெரியவர்கள் மாற்றி மாற்றி முடிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு முடிவிலும் சிலருக்குக் கதவு திறந்தது, சிலருக்கு அடைத்தது. எங்கள் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் வைத்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது 1857-ல். அந்தக் காலத்தில் பள்ளிப் படிப்பின் கடைசியில் எழுதிய மெட்ரிகுலேஷன் என்பது பல்கலைக்கழகமே நடத்திய நுழைவுத் தேர்வு. அதில் தேறியவர் ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருஷம் படித்து எஃப்.ஏ. எழுதுவார். 'ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்' என்பதன் சுருக்கம் அது. அதற்குப் பிறகுதான் பி.ஏ. கல்லூரிகளையும் இதை வைத்தே தரம் பிரித்தார்கள். எஃப்.ஏ. வரை மட்டும் நடத்தினால் இரண்டாம் கிரேடு கல்லூரி, பி.ஏ. வரை நடத்தினால் முதல் கிரேடு. சின்ன ஊர்களில் நல்ல உயர்நிலைப் பள்ளி ஒன்று வளர்ந்து இரண்டு வகுப்பைக் கூடச் சேர்த்துக்கொண்டு இரண்டாம் கிரேடு கல்லூரியாக ஆவது அன்றைக்கு வழக்கமான பாதை. நம் தேசியக் கல்லூரி 1919-ல் அப்படித்தான் தொடங்கியது.

எஃப்.ஏ. எப்படிப்பட்ட வடிகட்டி என்பதற்குக் காவிரிக் கரையிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. ஒருவர் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி. ராமன். அப்பா விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராகப் போனதால் பிள்ளையும் அங்கே போய், பதினோரு வயதில் மெட்ரிகுலேஷனும் பதின்மூன்று வயதில் எஃப்.ஏ.யும் தேறினார். இன்னொருவர் கும்பகோணத்து ராமானுஜன். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. கடைசிவரை எஃப்.ஏ. பெயில்தான். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தார். (எங்கள் குமாஸ்தா ஜாதிக்கு அவர் ஒருவரால் கிடைத்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.) எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் அடுத்த படி என்ற விதி, ஒரு பாடத்தில் மட்டும் ஒளிர்கிறவனை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

1910-ஐ ஒட்டி எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. அதே இரண்டு வருஷம்தான். ஆனால் பாடங்கள் பிரிவு பிரிவாக ஆயின. கணிதம், பௌதிகம், ரசாயனம் ஒரு பக்கம். இயற்கை விஞ்ஞானம் ஒரு பக்கம். சரித்திரம், தர்க்கம் என்று கலைப் பாடங்கள் ஒரு பக்கம். பள்ளிக் கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. என்ற கெட்டி அட்டைப் புத்தகமும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு குமாஸ்தாவாகப் பின்னால் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

இன்டர் காலத்துத் திருச்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவது தெப்பக்குளத்தை ஒட்டிய செயின்ட் ஜோசப் கல்லூரி. 1844-ல் நாகப்பட்டினத்தில் பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார்கள் தொடங்கி, 1883-ல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்லூரி அது. பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய ஆங்கிலக் கல்லூரி என்பதே எனக்கு ஒரு வேடிக்கை. ஏன் வேடிக்கை என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். பெண்களுக்கு ஹோலி கிராஸ் 1923-லும், சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி 1951-லும் வந்தன. ஜமால் முகமது கல்லூரியும் 1951தான். ஸ்ரீரங்கத்தில் ஆண்களுக்கு உயர்நிலைப் பள்ளி இருந்தது, கல்லூரி இல்லை. ஆகவே ஸ்ரீரங்கத்துப் பையன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தால் காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பஸ்ஸோ சைக்கிளோ, கையில் காசில்லாதவனுக்கு நடையோ. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு உலகம் தொடங்கியது அந்தப் பாலத்தின் அக்கரையில்தான். எழுத்தாளர் சுஜாதா அப்படித் தாண்டியவர்.

சுஜாதா படித்துக்கொண்டிருந்த ஏறக்குறைய அதே வருஷங்களில் ஜோசப்பில் இன்னொரு பையன் விடுதியில் இருந்தான். ராமேஸ்வரத்துக்காரன், ராமநாதபுரத்தில் பள்ளி முடித்து 1950-ல் இன்டர்மீடியட் சேர்ந்தவன். அப்துல் கலாம். தம் சுயசரிதையில் அவர் இந்தக் காலத்தைப் பற்றி எழுதியிருப்பதில் ஒரு விஷயம் என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும். இன்டர் முடிந்ததும் பி.எஸ்.சி. பௌதிகத்தில் சேர்ந்தபோது, மேற்படிப்புக்கு வேறு வழி இருப்பதே தமக்குத் தெரியாது என்கிறார். பட்டம் வாங்கிய பிறகுதான் பௌதிகம் தம் பாதையல்ல, பொறியியல்தான் என்று புரிந்ததாம். இன்டர் முடிந்த கையோடு பொறியியலுக்குப் போயிருக்கலாம் என்று பின்னால் தெரிந்துகொள்கிறார். ராக்கெட் விட்ட மனிதருக்கே இருபது வயதில் எது எதற்கு வழி என்று சொல்ல ஆளில்லை. மற்றவர்கள் நிலைமையைக் கேட்க வேண்டுமா?

இந்த இன்டர்மீடியட்டைக் கல்லூரியில் வைத்தது சரியா என்ற கேள்வி மிகப் பழையது. 1917-லிருந்து 1919 வரை உட்கார்ந்த கல்கத்தா பல்கலைக்கழகக் கமிஷன், அதாவது சாட்லர் கமிஷன், பல்கலைக்கழகத்துக்கும் பள்ளிக்கும் நடுவே கோடு போட வேண்டிய இடம் மெட்ரிகுலேஷன் அல்ல, இன்டர்மீடியட்தான் என்று சொல்லிவிட்டது. ஐக்கிய மாகாணத்தில் 1921-லேயே பள்ளிக்கும் இன்டருக்கும் சேர்த்துத் தனி போர்டு வைத்தார்கள். சென்னை ராஜதானி அசையவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ராதாகிருஷ்ணன் கமிஷன் பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும் என்றது. அடுத்து 1952-53-ல் இடைநிலைக் கல்விக் கமிஷன். அதன் தலைவர் வேறு யாருமல்ல, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார்.

அவர்கள் சொன்ன வழி, இன்டர்மீடியட்டை இரண்டாக வெட்டுவது. ஒரு வருஷம் பள்ளிப் பக்கம் போகும், இன்னொரு வருஷம் பட்டப்படிப்புப் பக்கம் போய்ப் பட்டம் மூன்று வருஷமாகும். பள்ளிகள் தயாராகும்வரை, உயர்நிலைப் பள்ளி முடித்து வருகிறவர்களுக்காகக் கல்லூரியில் ஒரு வருஷப் புகுமுக வகுப்பு இருக்கட்டும் என்றார்கள். இடைக்கால ஏற்பாடு. 1956-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. அதுதான் பி.யூ.சி. நம் நாட்டில் இடைக்கால ஏற்பாடுகளின் ஆயுசு தெரிந்ததுதானே? இருபத்துமூன்று வருஷம் ஓடியது.

நான் அந்த வகுப்புக்கு 1966 ஜூனில் வந்தவன். வந்த வழிதான் கொஞ்சம் சுற்று வழி.

நான் பிறந்து படித்தது புதுச்சேரியில். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. புதுச்சேரி 1954 நவம்பர் முதல் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டாலும், சட்டப்படி மாற்றம் ஆனது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். 1956-லேயே கையெழுத்தான ஒப்பந்தம், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தரும்வரை ஆறு வருஷம் காத்திருந்தது. அந்த ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் எங்களைப் போன்ற மாணவர்களைத் தொட்டன. ஒன்று, விருப்பம் தெரிவிக்கும் உரிமை. புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வசிப்பவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 'சொல்தா' குடும்பங்கள் என்று நாங்கள் சொல்லும் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் வீடுகளில் பலர் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் கொடுக்கவில்லை. அப்பா அதற்கு முந்தைய வருஷமே காலமாகிவிட்டார். அம்மாவுக்குத் தன் தம்பி இருக்கும் ஸ்ரீரங்கம்தான் தூரதேசம்.

இரண்டாவது விஷயம், பிரெஞ்சுச் சான்றிதழ்கள். பக்கலோரேயா, பிரெவே எலெமாந்தேர், பி.இ.பி.சி. என்ற மூன்றையும் பெயர் சொல்லி, மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் இந்திய அரசு அங்கீகரிக்கும் என்று ஒப்பந்தம் சொன்னது. 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுக் கல்லூரி, இன்று லிசே பிரான்சே என்று எல்லோரும் சொல்லும் பள்ளி, பிரெஞ்சு அரசின் பொறுப்பிலேயே அதே கட்டடத்தில் தொடரும் என்றும் அதில் உண்டு.

ஆகவே 1966-ல் பிரெவே தேறிய கையோடு எனக்கு முன்னால் இரண்டு வழி. புதுச்சேரியிலேயே மூன்று வருஷம் படித்து பக்கலோரேயா எழுதலாம். அல்லது ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டில் தங்கித் திருச்சியில் ஒரே வருஷத்தில் பி.யூ.சி. முடிக்கலாம். மாமா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். அவர் கணக்கு நேர்கோட்டில் போகும். "மாப்ளே, மூணு வருஷம் அங்கே படிச்சா கப்பல் ஏறலாம். ஒரு வருஷம் இங்கே படிச்சா ரயில் ஏறலாம். கப்பல் டிக்கெட் நம்மகிட்ட இல்லையே" என்றார்.

பக்கலோரேயாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கேள்விக்கு பிரெஞ்சுக்காரர்கள் கண்ட பதில் வேறு மாதிரி. 1808-ல் நெப்போலியன் ஆணையால் வந்தது அது. அடுத்த வருஷம் முதல் தேர்வில் தேறியவர்கள் 31 பேர். பள்ளிக்கூடத்தில் படித்து எழுதும் தேர்வு, ஆனால் சட்டப்படி அது பல்கலைக்கழகத்தின் முதல் பட்டம். பள்ளியின் கடைசிப் படியும் கல்லூரியின் முதல் படியும் ஒன்றே. நடுவே பாலமே கிடையாது. பாஸ் செய்தவர் 'பஷேலியே'. இந்த வார்த்தையால் இந்தியாவில் வந்த குழப்பம் எத்தனை! 'பேச்சலர்' என்பதன் அதே வார்த்தைதானே? அதனால் சில அலுவலகங்களில் பக்கலோரேயாவை பி.ஏ. என்று நினைத்து மரியாதை கொடுத்தார்கள். சில இடங்களில் பள்ளிக்கூடச் சான்றிதழ்தானே என்று எஸ்.எஸ்.எல்.சி.யோடு சேர்த்தார்கள். இரண்டுக்கும் நடுவே இன்டருக்குச் சமமாக வைக்க வேண்டும் என்பது பொறுமையாகக் கோப்பைப் படிக்கிறவருக்குத்தான் விளங்கும்.

என் பிரெவே பட்டபாடு இதைவிட மோசம். பிரெஞ்சுப் பள்ளியில் வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுவார்கள். ஆரம்பப் பள்ளி முடிந்து சேர்வது ஆறாவது. அடுத்த வருஷம் ஐந்தாவது, பிறகு நாலாவது, பிறகு மூன்றாவது. அதன் கடைசியில் பிரெவே. அதற்கு மேல் இரண்டாவது, முதலாவது, கடைசியில் 'தெர்மினால்'. ஆகவே என் பள்ளிச் சான்றிதழில் மூன்றாம் வகுப்பு முடித்ததாக எழுதியிருந்தது. நான் முதலில் விண்ணப்பித்த திருச்சிக் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் (பெயர் எதற்கு, எல்லோரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்) மொழிபெயர்ப்பைப் படித்த எழுத்தர், "தம்பி, மூணாங்கிளாஸ் முடிச்சுட்டு பி.யூ.சி.யா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து மேசைக்கும் அதைக் காட்டினார். மாமா விளக்கினார். அடுத்தது மதிப்பெண். பிரெஞ்சுக்காரர்கள் இருபதுக்குத்தான் போடுவார்கள், அதிலும் கை வராது. பத்து வாங்கினால் பாஸ், பன்னிரண்டு வாங்கினால் 'பரவாயில்லை' என்று சான்றிதழிலேயே ஒரு சொல் சேரும், பதினாறுக்கு ஊரே பேசும். கணக்கில் எனக்கு 14. நூற்றுக்கு எழுபது என்று அவர் பென்சிலால் குறித்தார். எண்பத்தைந்து, தொண்ணூறு என்று எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்கள் அடுக்கியிருந்த மேசையில் எழுபதுக்கு என்ன மரியாதை? அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து தகுதிச் சான்றிதழ் வாங்கி வந்த பிறகு இன்னொரு கல்லூரியில், சேர்க்கை முடிகிற வாரத்தில் கிடைத்தது.

இப்போது அந்த ஒரு வருஷத்தைப் பற்றி.

பி.யூ.சி.யில் முதல் பகுதி ஆங்கிலம், இரண்டாம் பகுதி தமிழோ வேறு மொழியோ, மூன்றாம் பகுதியில் விருப்பப் பாடங்கள் மூன்று. ஜூன் கடைசியில் சேர்த்து, ஜூலையில் நிதானமாகத் தொடங்கி, மார்ச்சில் முடித்து, ஏப்ரலில் பல்கலைக்கழகத் தேர்வு. விடுமுறைகளைக் கழித்தால் ஏழு மாதம்கூடத் தேறாது. பதினோரு வருஷம் தமிழில் படித்துவிட்டு வந்த பையனுக்கு, பௌதிகமும் ரசாயனமும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில். முசிறி, துறையூர், லால்குடி, பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வகுப்பில் பின் வரிசைகளில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆகவே நானும் அங்கேதான் உட்கார்ந்தேன்.

ஆனால் எனக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அது சில வாரத்தில் தெரிந்தது. 'முடுக்கம்' என்று படித்தவனுக்கு ஆங்கிலச் சொல் முற்றிலும் புதுசு. பிரெஞ்சில் படித்த எனக்கு 'அக்செலராசியோன்' தெரியும். எழுத்தில் பார்த்தால் ஆங்கிலச் சொல்லும் அதுவே. உச்சரிப்பு மட்டும்தான் பிரச்சினை. நைட்ரஜனை நாங்கள் 'ஆஸோத்' என்போம், தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி போடுவோம், வகுத்தல் கணக்கை வேறு மாதிரிப் படம் போட்டுச் செய்வோம். இதெல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துறையூர் நண்பன் கணக்கில் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன். ஜியோமிதி ரைடரைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவான். ஆனால் அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்வதற்குள் மணியடித்துவிடும். அவன் தமிழில் எனக்குச் சொல்லுவான், நான் சொற்களை அவனுக்குப் படித்துக் காட்டுவேன். டிசம்பர் வாக்கில் அவனுக்கு ஆங்கிலம் பிடிபட ஆரம்பித்தது. ஏப்ரலில் தேர்வு வந்துவிட்டது.

கணக்கிலும் பௌதிகத்திலும் நல்ல மதிப்பெண். முதல் பகுதி ஆங்கிலத்தில் போய்விட்டது. செப்டம்பரில் மறுபடி எழுதினான், மறுபடி போயிற்று. விடுதிக் கட்டணத்துக்கு அவன் வீட்டில் ஒரு மாட்டை விற்றிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை எழுத வரவில்லை. அந்த நாளில் கல்யாணப் பத்திரிகை விளம்பரங்களில் 'பி.யூ.சி. பெயில்' என்று ஒரு தகுதி உண்டு, பார்த்திருப்பீர்கள். சிரிப்புக்குரிய வார்த்தையாகச் சினிமாவிலும் வந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. முட்டாள்கள் தோற்ற வகுப்பல்ல அது. மொழி மாறுகிற வருஷமும் வடிகட்டுகிற வருஷமும் ஒன்றாக வைக்கப்பட்ட வகுப்பு. இன்டர்மீடியட்டில் முதல் வருஷம் தடுமாறி இரண்டாம் வருஷம் எழுந்துகொள்ள இடமிருந்தது. அந்த மூச்சுவிடும் வருஷத்தைத்தான் 1956-ல் வெட்டி எடுத்துவிட்டார்கள். முதலியார் கமிஷனின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் நினைத்தபடி பள்ளிகள் பன்னிரண்டாம் வருஷத்தை ஏற்றுக்கொள்ளாததால், பாதிச் சீர்திருத்தம் முழுச் சுமையாக இறங்கியது என்பது என் கட்சி. 1960-களின் கடைசியில் தமிழ் வழிப் பி.யூ.சி. வந்தது கொஞ்சம் ஆறுதல். ஆனால் எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பிரிவிலும் வரவில்லை.

தேறியவர்களுக்கு அப்போதைய திருச்சி நல்ல காலத்தில் இருந்தது. துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி 1964-ல் வந்துவிட்டது. பி.யூ.சி. கணக்குப் பிரிவில் நல்ல மதிப்பெண் இருந்தால் ஐந்து வருஷப் பொறியியல். திருவெறும்பூர்ப் பக்கம் பெல் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி. புத்தூரில் பழைய பிஷப் ஹீபர் கல்லூரி முப்பது வருஷம் மூடிக் கிடந்து அப்போதுதான் திறந்தது. காஜாமலையில் பெரியார் நன்கொடையால் அரசுக் கல்லூரி 1965-ல் தொடங்கியது. என் வகுப்பிலிருந்து இரண்டு பேர் துவாக்குடிக்குப் போனார்கள். ஐந்து வருஷம் மாமா தோளில் உட்கார எனக்கு மனமில்லை. எழுத்தர் தேர்வு எழுதி அரசு வேலையில் சேர்ந்தேன்.

அங்கே ஒரு வேடிக்கை. எழுத்தர் வேலைக்குக் குறைந்தபட்சப் பொதுக் கல்வித் தகுதி எஸ்.எஸ்.எல்.சி.தான். பி.யூ.சி. பாஸானவனும் பெயிலானவனும் எழுதாதவனும் ஒரே வரிசை, ஒரே சம்பளம். என்னிடம் கேட்டது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். அது எனக்கு இல்லை! பணிப்பதிவேட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரம் அந்தப் புத்தகம்தான் என்பது எங்கள் வேதம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட ஜூன் மாதத் தேதி அதில் ஏறி, அதன்படியே ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷத்துக்குள் திருத்தக் கேட்காவிட்டால் அதோடு போயிற்று. என்னிடமோ புதுச்சேரி 'எத்தா சிவில்' பதிவேட்டிலிருந்து எடுத்த பிறப்புப் பத்திரம். பிறந்த நேரம், பெற்றோர் வயது, தொழில், சாட்சிகள் பெயர்வரை அதில் இருக்கும். உண்மையான தேதிக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் உலகத்தில் கிடையாது. ஆனாலும் "எஸ்.எஸ்.எல்.சி. புக் இல்லையா சார்?" என்று என் கோப்பைப் புதிதாக எடுக்கும் ஒவ்வொரு எழுத்தரும் ஓய்வு நாள்வரை கேட்டார்கள்.

இதற்கிடையே கோத்தாரி கமிஷன் 1964-66-ல் உட்கார்ந்து 10+2+3 என்ற கணக்கைச் சொல்லிவிட்டது. 1968-ல் தேசியக் கொள்கையே ஆனது. தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1978-ல். எஸ்.எஸ்.எல்.சி. பதினொன்றிலிருந்து பத்தாம் வகுப்புக்கு இறங்கியது, அதன் மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ. முதல் பிளஸ் டூ தேர்வு 1980-ல். பி.யூ.சி.யின் கடைசி அணி 1979-ல் வெளியேறியது. அண்ணன் பதினொன்று முடித்துப் பி.யூ.சி.க்கும், தம்பி பத்து முடித்துப் பிளஸ் ஒன்னுக்கும் ஒரே ஜூனில் போன வீடுகள் உண்டு.

கல்லூரிகளுக்கு அது பெரிய அடி. பி.யூ.சி.தான் அவர்களுடைய பெருங்கூட்டம். பள்ளிகளுக்கோ புதிதாக முதுகலை ஆசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள், தொழிற்கல்விப் பிரிவு எல்லாம் வேண்டும். முதல் சில வருஷங்கள் பல பள்ளிகளில் பிப்பெட்டும் பியூரெட்டும் வராமலே ரசாயனப் பாடம் நடந்தது. விமர்சனம் நிறைய. ஆனால் நான் கண்ணால் பார்த்தது வேறு. ஸ்ரீரங்கத்துப் பெண் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் 'பாலம் தாண்டி காலேஜுக்கா?' என்று வீட்டில் பேச்சு வரும். பெரும்பாலும் பேச்சோடு முடிந்துவிடும். பிளஸ் டூ வந்த பிறகு அதே பள்ளி, அதே தாவணிச் சீருடை, அதே தெரு. யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமலே இன்னும் இரண்டு வருஷம் கூடிவிட்டது. பன்னிரண்டு முடித்த பெண்ணை நிறுத்துவது பத்து முடித்த பெண்ணை நிறுத்துவதைவிடக் கஷ்டம். என் மாமா பெண்கள் இருவரில் மூத்தவள் 1974-ல் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றாள், இளையவள் 1982-ல் பிளஸ் டூ முடித்து சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரிக்குப் போனாள். இருவருக்கும் மூளையில் வித்தியாசமில்லை. துறையூர், முசிறிப் பையன்களும் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, தமிழிலேயே, பன்னிரண்டு முடித்தார்கள்.

வடிகட்டி மட்டும் எங்கேயும் போய்விடவில்லை. 1984-ல் பொறியியல், மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு வந்து, 2006-07-ல் போயிற்று. அதற்குப் பின் நடந்ததெல்லாம் தினமும் செய்தித்தாளில் வருவதுதான், நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற மாநிலங்களில் ஆளுக்கொரு வழி. கேரளத்தில் ப்ரீ டிகிரி என்று இரண்டு வருஷத்தை 2000 வாக்கில்தான் கல்லூரிகளிலிருந்து முழுவதும் பிரித்தார்கள். ஆந்திரத்தில் இன்டர் என்றே பெயர். கர்நாடகத்தில் பன்னிரண்டாம் வகுப்பை இன்றும் இரண்டாம் பி.யூ.சி. என்கிறார்கள். பெங்களூரில் பேத்தியின் தோழி "ஐ ஆம் இன் பி.யூ.சி., தாத்தா" என்றபோது ஐம்பது வருஷம் பின்னால் போய்விட்டு வந்தேன்.

அலுவலகத்தில் என் கடைசி வருஷங்களில் பதவி உயர்வுப் பட்டியல் தயாரிக்கும் வேலை என்னிடம் இருந்தது. 10+2+3 வரிசையில் படித்துப் பெற்ற பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-ல் ஆணை வந்தபோது, நான் ஓய்வு பெற்றிருந்தும், பழைய சகாக்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். "சார், எனக்கு 10+2 இல்லையே, 11+1தானே?" கூட்டினால் பன்னிரண்டு வருகிறதா, கவலைப்படாதே என்று சொல்லி அனுப்பினேன். பி.யூ.சி. கடைசி அணியில் படித்தவர்கள் 1962-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். தமிழ்நாட்டில் ஓய்வு வயது அறுபது ஆகிவிட்டதால் 2022 வாக்கில் அவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். போன மாதம் பென்ஷன் வேலையாக அலுவலகம் போயிருந்தபோது பார்த்தேன். கணினியில் கல்வித் தகுதிக்குத் திறக்கும் பட்டியலில் எஸ்.எஸ்.எல்.சி. இருக்கிறது, எச்.எஸ்.சி. இருக்கிறது. பி.யூ.சி.யை எடுத்துவிட்டிருந்தார்கள். இருக்கையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "யாருமே அதைத் தேர்வு செய்யறதில்லை சார்" என்றாள்.